அக்கா வீட்டுப் பேனல் பட்ட கடன்

ஒரு சோலார் பேனலைச் செய்வதென்றால் மணலை உருக்க வேண்டும், கண்ணாடி வார்க்க வேண்டும், அலுமினியச் சட்டம் அடிக்க வேண்டும், பிறகு அதைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். இத்தனைக்கும் செலவான ஆற்றலை அந்தப் பேனல் தன் ஆயுசுக்குள் திருப்பித் தருகிறதா, இல்லையா? இந்தச் சந்தேகம் ஒரு பெரிய மனிதருக்கு ஏதோ ஒரு விருந்தில், சாப்பாட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் வந்தது. ஐஸ்கிரீம் கரைவதற்குள் ஆற்றல் மீட்பு மதிப்பீட்டு ஆணையம் பிறந்துவிட்டது.

ஆணையத்துக்குக் கண்ணாடியாலேயே ஒரு கட்டடம் கட்டினார்கள். கண்ணாடி வழியாக வெயில் வந்து அதிகாரிகளின் கண் கூசியதால் கறுப்புத் திரை போட்டார்கள். திரை போட்டதும் உள்ளே இருட்டிக்கொண்டதால் பகலெல்லாம் விளக்கு எரிந்தது. விளக்குச் சூடு தாங்காமல் ஏசி வந்தது. ஏசிக் குளிர் தாங்காமல் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு ஹீட்டர் வந்தது. மற்றபடி ஆற்றலை வீணாக்கக் கூடாது என்பதில் ஆணையம் ரொம்பக் கண்டிப்பு. கழிவறைக் கதவில்கூட அப்படி எழுதி மாட்டியிருந்தார்கள். எழுத்து தெரிவதற்காக அதன் பின்னால் இரவும் பகலும் ஒரு பல்பு எரிந்தது.

அந்த ஆணையத்தின் இயக்குநருக்குக் கார் ஓட்டியவன்தான் இந்தக் கதையில் அகப்பட்டவன். நாற்பதை நெருங்குகிற ஆள். யாராவது அவன் காலை மிதித்துவிட்டால் இவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்பான். சிக்னலில் பின்னால் எவனோ எவனுக்கோ ஹாரன் அடித்தாலும் இவனுக்கு மனசு குறுகுறுக்கும். அப்படி ஒரு சுபாவம். அம்மா அப்பா சின்ன வயசிலேயே போய்விட, அக்காதான் அவனை வளர்த்தாள். அதை நினைத்தாலும் அவனுக்குக் குறுகுறுக்கும். அவளுக்கு என்னென்ன ஆசை இருந்ததோ, எல்லாம் தன்னால் கெட்டது என்று ஒரு எண்ணம். அக்கா ஒரு தரமும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு நாள் காரின் பின்சீட்டில் இயக்குநர் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் கூட்டல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு பேனலுக்காகச் செலவான ஆற்றலையெல்லாம் கூட்டிச் சொல்வது அவர் வேலை. ஆணையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமை.

"கேள்வி இருக்கு, கட்டடம் இருக்கு, ஆளுங்க இருக்காங்க. ஆராய ஒரு பேனல்தான் இல்ல," என்றார் இயக்குநர். "மேலிடத்துல நெருக்கறாங்க. நிஜ வீடு, நிஜக் கூரை, நிஜ வெயில் வேணுமாம். நிஜத்துக்கு நான் எங்க போறது?"

டிரைவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அக்கா விஷயத்தில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அவர்கள் தெருவிலேயே முதலில் பேனல் போட்டவள் அவள்தான்.

"எங்க அக்கா வீட்டுல ஒண்ணு இருக்கு சார். பல வருஷமா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுது," என்று வாயைக் கொடுத்துவிட்டான்.

"இப்ப பேசினது யாரு?" என்றார் இயக்குநர். ரேடியோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"நம்ம டிரைவர் சார்."

"அட!" என்று இயக்குநர் முதல்முறையாக அவன் தோளைத் தட்டினார். அன்று முழுக்க அந்தத் தோள் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா வீடு ஊர் எல்லையில் இருந்தது. அவளுக்குக் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிற தொழில். பின்கட்டு அறையில் இன்குபேட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். உள்ளே நுழைந்தாலே ஈரமும் தவிடும் கலந்த ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். முட்டைக்கு மூணு வாரம் சூடு குறையக் கூடாது. அந்தப் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்ட் ஆபீஸுக்கே தெரியாது. முன்பெல்லாம் ஒரு ராத்திரி கரண்ட் போனால் ஒரு பெட்டி முட்டையும் போய்விடும். கூரையில் பேனலும் கீழே பேட்டரியும் வந்த பிறகுதான் அக்கா ராத்திரி கண்மூடித் தூங்க ஆரம்பித்தாள்.

ஆணையம் மூன்று கார்களில் வந்து இறங்கியது. மதிப்பீடு சுதந்திரமாக இருக்க வேண்டுமாம். அதனால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு ஒரே காரில் ஏறக் கூடாது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார், குஞ்சுங்களுக்கு ஆகாது," என்றாள் அக்கா. எல்லோரும் ஷூவைக் கழற்றினார்கள். கூட்டல் அதிகாரியின் சாக்ஸ் வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அக்கா பார்க்காத மாதிரி டீ போடப் போனாள்.

இயக்குநர் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அது ஒரு சாதாரணப் பேனல். ஓரத்தில் ஒரு காக்கை எச்சம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தத் தகடு பிறக்கும்போதே கடனோடு பிறந்திருக்கிறது," என்று ஆரம்பித்தார். "பார்வைக்கு அப்பாவி. ஆனால் இதன் பின்னால் எத்தனை உலைகள் எரிந்திருக்கின்றன! எத்தனை கப்பல்கள் புகை கக்கியிருக்கின்றன! இது தினமும் வெயிலில் படுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. அந்தக் கடனைப் பற்றி இதற்குக் கொஞ்சமாவது உறுத்தல் இருக்கிறதா?"

"கடன்னா யாருக்கு சார்?" என்றாள் அக்கா, டீ தட்டோடு.

"பொதுவாக."

"பொதுவான்னா?"

"பொதுவாக என்றால் யாரும் கேட்கலாம், யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை."

அக்கா யோசித்தாள். "சரி சார், செஞ்சதுக்குக் கரண்ட் செலவாச்சு, ஒத்துக்கறேன். ஆனா இத்தனை வருஷமா இது கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்கே, அதைக் கழிப்பீங்கல்ல?"

எல்லோரும் கூட்டல் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் டீயை ஆற்றியபடி பணிவாகச் சொன்னார்: "கழித்தல் என் பிரிவு இல்லம்மா. நான் கூட்டல் மட்டும்தான்."

"அப்ப கழிக்கறவரை அனுப்புங்க."

"அந்தப் பணியிடம் காலியா இருக்கு. ஆள் போட்டதும் அனுப்பறோம்."

காலியாகத்தான் இருந்தது. கழித்தல் அதிகாரிக்கென்று அலுவலகத்தில் ஒரு தனி அறையே உண்டு. அதில் நாற்காலி, மேசை, விளக்கு, ஏசி எல்லாம் இருந்தன. ஆள் இல்லையென்று அவற்றை அணைத்தால் பணியிடமே வேண்டாமென்று மேலிடம் ரத்து செய்துவிடும். அதனால் விளக்கும் ஏசியும் தினமும் காலையில் ஒழுங்காகப் போடப்பட்டு, மாலையில் மறந்துபோய் அப்படியே ஓடின.

திரும்பி வரும்போது காரில் கூட்டல் அதிகாரி கூட்டிக்கொண்டு வந்தார். "போக வர மூணு வண்டி டீசல். டீ போட்ட கேஸ். அப்புறம் நம்ம கழித்தல் ரூம் ஏசி. எல்லாத்தையும் இந்தப் பேனல் கணக்குல ஏத்திடலாமா சார்?"

"வேற எந்தக் கணக்குல ஏத்துவீங்க? நம்மகிட்ட இருக்கிறதே இந்த ஒரு பேனல்தானே," என்றார் இயக்குநர்.

தான் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அக்கா கூரைமேல் போய் ஏறுகிறது என்று அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தான். பின்னால் வந்த லாரிக்காரன் அவனைத் தாண்டிப் போகும்போது அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஆணையம் அடிக்கடி அங்கே போனது. பேனலின் சூட்டை அளக்க ஒரு கருவி வைத்தார்கள். கருவிக்குச் சூடு ஆகாது என்பதால் அதைக் குளிர்விக்க ஒரு மின்விசிறி வைத்தார்கள். விசிறிக்குக் கரண்ட் பேனலிலிருந்தே எடுத்தார்கள். கருவி வந்த பிறகு பேனல் தருகிற கரண்ட் குறைந்திருப்பதைக் கருவி கண்டுபிடித்தது. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக் வைத்திருந்த ஃபிரிட்ஜும் கணக்கில் ஏறியது.

டிரைவர் தன்னால் ஆனதைச் செய்தான். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டான். சிக்னலில் அணைத்தான். ஒரு தரம் பெட்ரோல் பங்குக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். "வண்டி இப்பெல்லாம் சத்தமே இல்லாம போகுதே, சர்வீஸ் விட்டியா?" என்று இயக்குநர் பாராட்டினார். வீட்டில் மின்விசிறியைப் போடாமல் படுத்தான். மனைவி விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு, "உனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கு? கூட்டறது அவங்க, வேர்க்கறது நாமளா?" என்றாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அக்காவிடம் டீசல் விஷயத்தை மூச்சுவிடவில்லை.

ஒரு நாள் அலுவலகக் கேன்டீனில், எல்லோரும் பொறியாளர் அம்மா என்று கூப்பிடும் அதிகாரியைப் பார்த்தான். பேனல்களைப் பற்றி உண்மையாகவே படித்தவர் ஆணையத்தில் அவர் ஒருவர்தான். எப்போதும் ஓர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றான்.

"மேடம், எங்க அக்கா வீட்டுப் பேனல் அந்தக் கடனை எப்பத்தான் அடைக்கும்?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "அடைச்சிருச்சே. நல்ல வெயில் விழற கூரைன்னா ஒண்ணு ரெண்டு வருஷம், கூடக்குறைய ஆனாலும் மூணுக்குள்ள செஞ்ச செலவைத் திருப்பிடும். அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அது தர்றதெல்லாம் லாபம்தான். உங்க அக்காவோடது எப்பவோ முடிஞ்ச கதை."

"இதை இயக்குநர்கிட்ட சொல்லலாமே மேடம்?"

"சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொன்னேன். பதில் வந்துட்டா அப்புறம் கேள்விக்கு என்னம்மா வேலைன்னு கேட்டாரு. அடுத்த நாளே எனக்குத் தனி ரூம் குடுத்துட்டாங்க. ஏசியோட." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் வாயை மூடிக்கிட்டேன். வீட்டுல ரெண்டு பேர் படிக்கறாங்க."

அவரும் குற்றவாளி மாதிரி இருந்தார், இவனும் அப்படித்தான் நின்றான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அந்த மாதம் கூடிய கூட்டத்தில், பேனலின் கடன் நாளுக்கு நாள் ஏறுவது கவலையளிக்கிறது என்று முடிவானது. விசாரணையில் இருக்கிற ஊழியர் வேலைக்கு வரக் கூடாது. அதேபோல விசாரணையில் இருக்கிற பேனலும் வேலை செய்யக் கூடாது. அதை இடைநீக்கம் செய்து, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, அரக்கு முத்திரை வைக்க உத்தரவானது.

தார்ப்பாயைக் காரின் டிக்கியில் வைத்து ஓட்டிப் போனவன் டிரைவர்தான். அங்கே போனால் கூரை ஏற ஆள் இல்லை. கூட்டல் அதிகாரிக்கு உயரம் ஆகாது, மற்றவர்களுக்குத் தூசி ஆகாது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஏணியைப் பார்த்தான்.

ஏணியை முட்டிவலிக்காரியான அக்காவே பிடித்துக்கொண்டாள். அவன் பாதி ஏறியதும் கீழேயிருந்து மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, முட்டை வச்சு ரெண்டு வாரம் தாண்டிடுச்சுடா. உள்ள உயிர் ஓடுது."

"ரெண்டு நாள்தான்னு சொல்றாங்கக்கா. கரண்ட்தான் வருதில்ல, அதுல ஓட்டு. அதுக்குள்ள எடுத்துடுவாங்க," என்றான். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. தார்ப்பாயை விரித்தான். நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினான். நன்றாகவே கட்டினான். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அவனுக்கு வராது.

ரெண்டு நாள் கழித்து இயக்குநருக்கு வெளியூரில் கருத்தரங்கு வந்தது. "காலத்தின் அருமை" என்பது தலைப்பு. நாலு நாள் நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் காரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த டிரைவருக்கு, ஊர்ப் பக்கம் புயல் காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்பது காதில் விழுந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"கரண்ட் இருக்காக்கா?"

"நேத்தே போயிருச்சு."

"பேட்டரி?"

"அது எப்பவோ தீர்ந்துருச்சு. வெந்நீர் போட்டு பாட்டில்ல ஊத்தி பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். கம்பளி போத்தியிருக்கேன். நீ வேலையைப் பாரு."

"அக்கா, நான் வேணா..."

"வேலையைப் பாருடா," என்று போனை வைத்துவிட்டாள்.

அவன் ஓடிப்போய் இயக்குநரிடம் நின்றான். அவர் மேடை ஏறப் போய்க்கொண்டிருந்தார். "சார், அந்தத் தார்ப்பாயை எடுத்துடச் சொல்லி ஒரு வார்த்தை போன்ல சொன்னீங்கன்னா... முட்டைங்க இருக்கு சார் உள்ள."

இயக்குநர் அவனைக் கருணையோடு பார்த்தார். "உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா போர்த்தற அதிகாரம்தான் எனக்கு இருக்கு. எடுக்கற அதிகாரம் கழித்தல் பிரிவுக்குத்தான்."

"அங்க ஆளே இல்லையே சார்."

"அதைத்தான் நானும் மேலிடத்துல சொல்லிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் காலத்தின் அருமையைப் பற்றிப் பேசப் போனார்.

டிரைவர் ஊர் திரும்பி நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனான். பின்கட்டில் வழக்கமான வெதுவெதுப்பு இல்லை. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிருள்ள முட்டையில் ஒரு நிழல் அசையும். இவற்றில் நிழல் இருந்தது, அசையவில்லை. பார்த்துப் பார்த்துப் பக்கத்துக் கூடையில் வைத்தாள். அவள் கையில் வெந்நீர் பட்டுக் கொப்புளம் போட்டிருந்தது.

"திட்டுக்கா," என்றான்.

"கை கால் கழுவிட்டு வா. சாப்பிடு."

"ஏன்க்கா, கயிறை நீயே அறுத்திருக்கலாமே? பக்கத்து வீட்டு ஆளை ஏறச் சொல்லியிருக்கலாமே?"

அக்கா டார்ச்சை அணைத்தாள். "முத்திரையை உடைச்சா, கட்டினவன் யாரோ அவன் வேலைதான் முதல்ல போகும்னு அந்தச் சாக்ஸ் ஓட்டைக் கட்டைவிரல் சார் சொல்லிட்டுப் போனாருடா."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் கொல்லையில் குழி வெட்டினான். கூடையை அவளே எடுத்து வந்து கொடுத்தாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து, போட்ட சாப்பாட்டைத் தின்றான். மிச்சம் வைத்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்று தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினான். அவள் ஒரு சொல் திட்டியிருந்தால் போதும், அவனுக்கு மூச்சு வந்திருக்கும். அவள் திட்டவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னான். கூட்டல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த முட்டைங்களுக்கு ரெண்டு வாரம் சூடு குடுத்தாங்களே, அது வீணாப் போச்சு இல்லையா? அதையும் பேனல் கணக்குல ஏத்தணும். நல்ல வேளை சொன்னீங்க."

ஆண்டு விழா வந்தது. பெரிய மண்டபத்தின் மேடையில் அட்டையால் பிரம்மாண்டமான ஒரு பேனல் செய்து, அதைச் சுற்றிலும் பல்பு கட்டி எரியவிட்டிருந்தார்கள். அட்டை தீப்பிடிக்காமலிருக்க இரண்டு ஏசி அதையே பார்த்து ஊதிக்கொண்டிருந்தன. டிரைவர் கடைசி வரிசைக்குப் பின்னால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். பொறியாளர் அம்மா கடைசி வரிசையில் இருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பேனல் தன்னைச் செய்த ஆற்றலைத் திருப்பித் தருமா என்று நம்மைக் கேட்டார்கள்," என்று ஆரம்பித்தார். "தரும். இதிலே ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. முதல் வாரத்திலேயே நமக்கு அது தெரியும். ஆனால் நண்பர்களே, தெரிந்துவிட்டது என்பதற்காக நிறுத்திவிடுகிறவர்களா நாம்? அந்தப் பேனலை நாம் இவ்வளவு காலம் ஆராய்ந்தோமே, அந்த ஆற்றலை யார் தருவது? இந்தக் கட்டடம், அந்த ஹீட்டர்கள், இந்த மேடை, இதோ நான் பேசுகிற இந்த ஒலிபெருக்கி, இவையெல்லாம் அந்தப் பேனலுக்காக அல்லவா ஓடுகின்றன! ஆகவே பெருமையோடு அறிவிக்கிறேன். ஆணையம் இருக்கும்வரை எந்தப் பேனலாலும் தன் கடனை அடைக்க முடியாது. இது நம்மால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்து அடுத்த வாக்கியம் வருவதற்கிடையில் ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையது என்று டிரைவருக்கே பிறகுதான் தெரிந்தது.

"சார், அந்த டீசலை எரிச்சது நான்தான் சார்."

எல்லாத் தலையும் திரும்பியது. "வண்டியை எடுக்கணும்னா சொல்றேன், வெளியில நில்லுப்பா," என்றார் இயக்குநர்.

"தார்ப்பாயைக் கட்டினதும் நான்தான். முட்டையில உயிர் ஓடுதுன்னு அக்கா சொல்லச் சொல்லக் கட்டினேன். அந்த முட்டைங்க செத்ததுக்கும் நான்தான் காரணம். பேனல் ஒண்ணும் பண்ணல சார், அது பாட்டுக்கு வெயில்ல கெடந்துச்சு. எல்லாத்தையும் என் பேர்ல ஏத்திக்கங்க."

ஆணையத்தில் அதுவரை "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லியிருக்கிறார்கள். "மேலிடத்து உத்தரவு" என்று தினமும் சொல்வார்கள். "நான்தான்" என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொறியாளர் அம்மா இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொள்கிறவர் மாதிரி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டல் அதிகாரிக்குத்தான் முதலில் முகம் மலர்ந்தது. மேடையேறி இயக்குநரின் காதில் சொன்னார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சார், ஒரு ஆளே கடனை ஏத்துக்கறான்னா, பேனல் கேஸை மூடிட்டு இவன் கேஸைத் தொறந்துடலாம். பேனலுக்கு இருபது முப்பது வருஷம்தான் ஆயுசு. மனுஷன் இன்னும் ஜாஸ்தி ஓடுவான்."

அன்று சாயங்காலமே பேனலின் இடைநீக்கம் ரத்தாகி, டிரைவர் இடைநீக்கம் ஆனான். வாசலில் பொறியாளர் அம்மா காத்துக்கொண்டு நின்றார். "நான் எந்திரிச்சிருக்கணும்," என்றார். "பரவால்ல மேடம், வீட்டுல படிக்கறாங்கல்ல," என்றான் இவன். அவர் கண் கலங்கிவிட்டது. அவரைக் கலங்க வைத்துவிட்டோமே என்று இவனுக்கு வழியெல்லாம் உறுத்தியது.

மறுநாள் காலையில் அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவன் ஏறிக் கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைச் சுருட்டிக் கீழே போட்டான். அக்கா புது முட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். வேலை இல்லாதவன் ஆகிவிட்டதால் தினமும் வந்து கூடமாட உதவினான். தண்ணீர் எடுத்து வைத்தான், பெட்டிகளைத் துடைத்தான், சொல்லாத வேலையையும் செய்தான். அவள் டீ கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியில் அவன் இளைத்துக்கொண்டே வந்தான்.

பிறகு ஒரு நாள் ஆணையம் மறுபடியும் மூன்று கார்களில் வந்து இறங்கியது. இயக்குநர் அக்காவுக்கு வணக்கம் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, இப்போ நாங்க உங்க தம்பியை ஆராயறோம். ஒரு மனுஷனை உருவாக்க எவ்வளவு ஆற்றல் செலவாகுது, அதை அவன் திருப்பித் தர்றானாங்கிறதுதான் கேள்வி. இவரை வளர்த்தது நீங்கதானாமே?"

"நான்தான்."

"எவ்வளவு செலவாச்சு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். "சோறு ஆக்கினேன், துணி துவைச்சேன். காய்ச்சல்ல கெடந்தா பக்கத்துல உக்காந்தேன். ஸ்கூலுக்குப் போ போன்னு கத்தினேன். கத்தினதுக்கும் கணக்கு உண்டா?"

"நிச்சயமா," என்று கூட்டல் அதிகாரி தலையாட்டினார்.

"அப்ப அதுதான் அதிகம்."

"இதையெல்லாம் இவர் உங்களுக்குத் திருப்பித் தந்துட்டாரா?" என்றார் இயக்குநர். "யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பதிலை வச்சுத்தான் ஆணையத்துக்கு அடுத்த அஞ்சு வருஷம்."

அக்கா யோசிக்கவில்லை. "என் தம்பி எனக்கு எதுவும் தர வேண்டியதில்ல. தரணும்னு நான் வளர்க்கல. தரலைன்னும் நான் யார்கிட்டயும் வந்து சொல்லல. இது எங்க வீட்டு விஷயம். கூட்டறதுக்கு இங்க ஒண்ணுமில்ல, எந்திரிங்க."

"அம்மா, விசாரணைக்கு நீங்க ஒத்துழைக்கலைன்னா..."

"என்ன பண்ணுவீங்க? என்னையும் தார்ப்பாய் போட்டு மூடுவீங்களா? மூடுங்க. ஏணியை நான் பிடிக்க மாட்டேன், இவன் ஏற மாட்டான். உங்கள்ல யாரு ஏறப்போறீங்க?"

அவர்கள் ஷூவைத் தேடி மாட்டிக்கொண்டு, மூன்று கார்களிலும் பிரிந்து ஏறிப் போனார்கள். புது டிரைவர் ஒருவன் இயக்குநர் வண்டியை எடுத்தான். போகிற போக்கில் இவனைப் பார்த்து ஒரு சலாம் வைத்தான்.

தெரு அடங்கியதும் அக்கா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"உன்னை யாருடா கேட்டா?" என்று ஆரம்பித்தாள். "காரை ஓட்டினோமா, ரோட்டைப் பார்த்தோமான்னு இல்லாம பின்சீட்டுக்காரங்ககிட்ட என்ன பேச்சு? எங்க அக்கா வீட்டுல பேனல் இருக்குன்னு ஊரைக் கூட்டிட்டு வந்தியே, எங்க அக்காவுக்கு முட்டிவலி இருக்கு, அவ பொழைப்பு இந்தப் பெட்டியில இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னியா? கட்டுன்னா கட்டிருவியா? கயிறைக் கொஞ்சம் லூசாக் கட்டினா என்ன, காத்துல அதுவே பறந்திருக்குமே! சின்ன வயசுலயிருந்து இதே புத்திடா உனக்கு. எவன் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டறது, அப்புறம் மூலையில நின்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறது. அத்தனை உசிருடா! வெந்நீர் வச்சு வச்சு என் கையெல்லாம் வெந்துச்சு. ராத்திரி பூரா ஒவ்வொண்ணாக் காதுல வச்சு வச்சுக் கேட்டேன்டா..."

அங்கே அவள் குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து இன்னும் சத்தமாகப் பிடித்துக்கொண்டாள். அவன் கல்யாணத்துக்கு முன்னால் செய்தது, பள்ளிக்கூடத்தில் செய்தது, அவளுக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது என்று எல்லாம் வெளியே வந்தன. பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் பெரிசு என்று புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் தலையை மெல்ல நிமிர்த்தினான். அவள் சொன்ன அத்தனையும் நிஜம். அத்தனையையும் நின்று கேட்டான். கேட்கக் கேட்க நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது. ஆனால் அக்கா இன்னும் முடிக்கவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் சாப்பாடு கேட்கக் கூடாது என்று அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.